உப்பைக் குறைக்கச் சொன்ன பழைய சீட்டு: இலியோஸ்டமிக்குப் பின் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் ஓராண்டு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியில் வீட்டுப் பராமரிப்புச் செவிலியராக நான் பார்த்துவந்த ஒருவரின் நிகழ்வு இது. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 52. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் 300 மரங்களில் பட்டையைச் சீவி, பாலெடுத்து, ரப்பர் ஷீட் வேலையையும் முடித்துவிட்டு உச்சிப்பொழுதில்தான் வீடு திரும்புவார். வீட்டில் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 78 வயதான தாய். ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில் மாத்திரை சாப்பிட்டுவந்தார். அதைத் தொடங்கியபோது மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் “உப்பைக் குறைக்கவும்” என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சீட்டு சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அதைப் பிறகு பலமுறை நினைக்க வேண்டியிருந்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலத்தில் இரத்தம் போவதை ஏறக்குறைய ஓராண்டு மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார். பிறகுதான் மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஐந்து வாரம் கதிர்வீச்சும் மாத்திரையும். அது முடிந்து சில வாரங்கள் கழித்து, செப்டம்பரில் அறுவை. புற்றுக்கட்டி இருந்த மலக்குடல் பகுதியை அகற்றிவிட்டு, பெருங்குடலைக் கீழே கொண்டுவந்து இணைத்தார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அதன் வழியே போகக்கூடாது என்பதற்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் திறந்துவைத்தார்கள். இதுவே தற்காலிக இலியோஸ்டமி. ஊரில் இதை “வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள்” என்று சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பை மாற்றும் விதத்தை மனைவிக்கு ஒரே ஒருமுறை காட்டினார்கள். கையில் கொடுத்த தாளில் “நிறையத் தண்ணீர் குடிக்கவும்” என்று இருந்தது.

16-ஆம் நாள்: முதல் வருகை

நான் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அறை முழுக்க ஊதுபத்தி வாசனை. மனைவி என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்: “சிஸ்டர், அவர் இன்றுவரை ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. நான் மாற்றும்போது முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார்.”

ஸ்டோமா, அதாவது வயிற்றில் திறந்துவைத்த குடல்வாய், நல்ல நிலையில் இருந்தது. ஈரமாக, வாயின் உட்புறம் போன்ற செந்நிறத்தில் இருந்தது. சிக்கல் அதைச் சுற்றியுள்ள தோலில். கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து நீர் கசிந்தது. காரணத்தைத் தேட நேரமாகவில்லை. பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுத்தட்டில் துளை வெட்டுவதற்காக மருத்துவமனையில் கொடுத்த அட்டையின் அளவு 45 மில்லிமீட்டர். அன்று நான் அளந்தபோது ஸ்டோமா 32 மில்லிமீட்டர்தான் இருந்தது. அறுவைக்குப் பின் ஸ்டோமா வீங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரங்களில் படிப்படியாகச் சுருங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. பழைய அளவிலேயே வெட்டியதால் இடையில் வட்டமாகத் தோல் திறந்து கிடந்தது. சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் செரிமான நொதிகள் இருக்கின்றன. அவை தோலைத் தின்றுவிடும்.

புண்ணுக்கு வீட்டில் செய்த வைத்தியம் தேங்காய் எண்ணெய். நம் ஊரில் பிறந்த குழந்தை முதல் வெட்டுக்காயம் வரை எல்லாவற்றுக்கும் அதுதானே. ஆனால் எண்ணெய் பட்ட தோலில் தட்டு ஒட்டாது. ஒட்டாத தட்டு கசியும், கசிந்தால் புண் பெரிதாகும், பெரிதானால் இன்னும் எண்ணெய். ஒரு நாளில் இரண்டு தட்டுகள் வீணாகிக்கொண்டிருந்தன. அறுவைச் செலவு காப்பீட்டில் போய்விட்டது. தட்டும் பையும் கைக்காசு. வேலைக்குப் போகாத வீட்டில் அது சிறிய தொகை இல்லை. செலவைக் குறைக்க, கழன்ற தட்டைக் கழுவி, மேலே பிளாஸ்திரி போட்டு மறுபடி ஒட்டவும் செய்திருந்தார்கள்.

அன்று எடுத்த முடிவுகள் எளியவை. வாரம் ஒருமுறை ஸ்டோமாவை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் துளை வெட்டுவது. சுற்றிலும் வெறும் தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றியெடுப்பது. எண்ணெய், டெட்டால், முகப் பவுடர் எதுவும் வேண்டாம். உரிந்த இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாததைத் தட்டிவிடுவது. தட்டை ஒட்டியதும் உள்ளங்கையைச் சில நிமிடம் அதன்மேல் வைத்திருப்பது, ஏனென்றால் உடல் சூட்டில்தான் பசை பிடிக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்வது, ஏனென்றால் கனத்தால் தட்டு இழுபடும். சாப்பிடும் முன், கழிவு குறைவாக வரும் விடியற்காலையில் தட்டை மாற்றுவது. மூன்று மணிக்கு விழித்துப் பழகிய உடம்புக்கு இது ஒரு சிரமமே இல்லை.

நான் கேட்காமல் விட்டவையும் உண்டு. “பையை எத்தனை முறை காலி செய்கிறீர்கள்?” என்று கேட்டேன். “ஏழெட்டு முறை” என்றார் மனைவி. பரவாயில்லை என்று குறித்துக்கொண்டேன். எவ்வளவு வருகிறது என்று அளக்கவில்லை. என்ன குடிக்கிறார், எந்த மாத்திரையைத் தொடர்கிறார் என்றும் கேட்கவில்லை. தோல்புண் கண்முன்னே இருந்ததால் அதிலேயே என் கவனம் நின்றுவிட்டது.

23-ஆம் நாள்: கத்தரிக்கோல்

புண் பாதி ஆறியிருந்தது. அன்று தட்டில் துளை வெட்டும்போது எனக்குச் சற்றுக் கோணிவிட்டது. துண்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தவர், “இங்கே கொடுங்கள் சிஸ்டர்” என்று கத்தரியை வாங்கிக்கொண்டார். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் கை அது. ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் மரம் கெடும் என்று முப்பது ஆண்டுகளாகப் பழகிய கை. அவர் வெட்டிய வட்டத்தில் ஒரு பிசிறு இல்லை.

வெட்டியது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் ஸ்டோமாவைப் பார்த்தாக வேண்டும். மகள் ஒரு முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தார். முதன்முறையாகப் பார்த்தார். விரலால் தொட்டார். “வலிக்கவில்லையே” என்றார். ஸ்டோமாவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை என்று சொன்னேன். கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. அதன்பின் தட்டை அவரேதான் மாற்றினார். மன ஆறுதல் சொல்லி அவரைப் பார்க்கவைக்க ஒரு வாரமாக நான் எடுத்த முயற்சிகளால் ஆகாதது, கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் ஆயிற்று.

அன்றே இன்னொரு அச்சத்தையும் வெளியே சொன்னார். ஆசனவாய் வழியாகச் சளி போல வருகிறதாம். உள்ளே தையல் விட்டுப்போயிற்று, அறுவை தோற்றுவிட்டது என்று நினைத்து நான்கு நாளாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பயன்படாமல் இருக்கும் குடலும் சளியைச் சுரந்துகொண்டுதான் இருக்கும், அது கீழ்வழியே வருவது இயல்பு. காய்ச்சல், நாற்றமுள்ள சீழ், இரத்தம் இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள் என்றேன்.

27-ஆம் நாள்: மயக்கம்

காலை ஆறரைக்கு மகள் தொலைபேசியில் அழைத்தார். கழிப்பறையிலிருந்து வரும்போது அவர் விழுந்துவிட்டார். முந்தைய இரவே கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்திருக்கிறது. நான் போனபோது இரத்த அழுத்தம் 84/50, நாடித்துடிப்பு 118, நாக்கு உலர்ந்து கிடந்தது. முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. இரண்டு வாரத்தில் எடை 61 கிலோவிலிருந்து 55 ஆகியிருந்தது.

உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரத்தத்தில் சோடியம் 124-ஆகக் குறைந்திருந்தது. பொட்டாசியம் 5.8-க்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.6-க்கும் ஏறியிருந்தன. நீரும் உப்பும் வற்றி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மூன்று நாள் உப்புநீர் ஏற்றினார்கள். எனாலப்ரிலை நிறுத்தினார்கள். கழிவின் வேகத்தைக் குறைக்க, உணவுக்கு அரை மணி முன் சாப்பிட லோப்பரமைடு கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.1-க்கு இறங்கி வீடு திரும்பினார்.

அவர் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பார் என்றுதான் முதலில் எண்ணினேன். பை நிறையும் என்று பயந்து குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. இங்கே நடந்தது வேறு. தாளில் சொன்னபடி நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்கு மேல் சீரகத் தண்ணீர் குடித்திருக்கிறார். பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் குலை குலையாக இளநீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் நாளுக்கு நான்கைந்து. காலையும் இரவும் கஞ்சி, சுவரில் தொங்கிய சீட்டின்படி உப்பில்லாமல். காலையில் தவறாமல் எனாலப்ரில். ஒவ்வொருவரும் அன்போடு, சொன்னபடி நடந்திருக்கிறார்கள். அதன் விளைவு இது.

ஏன் இப்படி

உணவிலும் செரிமான நீரிலும் உள்ள தண்ணீரில் மீதியாவதையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சிக்கொள்வது பெருங்குடல். இலியோஸ்டமி இருப்பவருக்கு உணவு அங்கே போய்ச் சேருவதே இல்லை. வெளியேறும் ஒவ்வொரு லிட்டரோடும் நிறைய சோடியம் போய்விடுகிறது. பழகிய இலியோஸ்டமியில் நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லிலிட்டர் வரை வரும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடல் தாங்காது. இந்த நிலையில் உப்பில்லாத வெறும் தண்ணீரை அதிகம் குடித்தால், குடல் தன் பங்குக்கு உடலிலுள்ள உப்பையும் அதில் கலந்து வெளியே தள்ளும். தாகம் கூடும், மேலும் குடிப்பார், மேலும் போகும்.

இளநீரைக் குறை சொல்ல இந்த மாவட்டத்தில் யாருக்கும் மனம் வராது, எனக்கும்தான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இவர் இழந்ததோ சோடியம். சிறுநீரகம் தளர்ந்த நேரத்தில், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் தன்மையுள்ள எனாலப்ரிலும் சேர்ந்துகொண்டதால் பொட்டாசியம் ஏறியது. அது இன்னும் ஏறியிருந்தால் இதயத்துடிப்பைக் குலைத்திருக்கும்.

சமையலறையில் செய்த மாற்றங்கள்

திரும்பிவந்த அன்று மாலை சமையலறையிலேயே உட்கார்ந்து பேசினோம். தாய்தான் கடுமையாக எதிர்த்தார். “அவன் அப்பா அழுத்தம் கூடித்தான் போனார். மறுபடி உப்பைப் போடச் சொல்கிறாயே மகளே” என்றார். ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டில் மகனுக்கென்று தனிச்சட்டியில் உப்பில்லாமல் சமைத்தவர் அவர். வாய்வார்த்தையால் அவரை மாற்ற முடியாது என்று புரிந்தது. மறுநாள் மருத்துவரிடம் கேட்டு, “வயிற்றில் பை இருக்கும்வரை உப்பைக் குறைக்க வேண்டாம். எனாலப்ரில் வேண்டாம்” என்று கையெழுத்தும் தேதியுமாக ஒரு சீட்டு வாங்கினேன். பழைய சீட்டை ஆணியிலிருந்து எடுத்துவிட்டு இதை மாட்டியவரும் அந்தத் தாய்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்து, நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். இதன் சூத்திரம் எளிது: சர்க்கரையோடு சேர்ந்து போகும்போதுதான் உப்பு குடல்சுவரைத் தாண்டி உள்ளே போகும், தண்ணீர் அதன் பின்னே போகும். சோற்றின் மாவுப்பொருளும் இதே வேலையைச் செய்யும் என்பதால் உப்பிட்ட கஞ்சி மருந்துக்குச் சமம். வெறும் தண்ணீரையும் தேநீரையும் சேர்த்து ஒரு லிட்டருக்குள். இளநீர் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம், பிறகு நாளுக்கு ஒன்று.

கழிவைக் கெட்டிப்படுத்தும் உணவுகளைத் தேடிக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவித்த மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, மட்டி வாழைப்பழம், சோறு மூன்றும் அந்த வேலையைச் செய்பவை. மூன்றும் அந்த வீட்டின் அன்றாடம். பொட்டாசியம் சீரானது என்று தெரிந்தபின் பழத்தைச் சேர்த்தோம். மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடலாம் என்று கேட்டபோது அவர் முகத்தில் வந்த மாற்றத்தை எந்த மருந்தும் தந்திருக்காது.

ஒரு லிட்டர் அளவுக்குவளை ஒன்றை வாங்கிக் கழிப்பறையில் வைத்தோம். பையில் வருவதை அதில் ஊற்றி, அளந்து, மகளின் பழைய நோட்டில் எழுதவேண்டும். ஒன்றரை லிட்டர் தாண்டினால் அன்றே அழைக்கவேண்டும். நவம்பர் நடுவில் தொடங்கிய கீமோதெரபியின் மூன்றாவது சுற்றில் நோட்டில் 1,700 என்று வந்தது. அன்று மாலையே மகள் அழைத்தார். கீமோ மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். மயக்கமும் இல்லை, மருத்துவமனையில் சேர்க்கவும் இல்லை.

சாரம், கழிப்பறை, சானல்

தோல் ஆறிய பிறகும் தட்டு மூன்றாம் நாளே கழன்றது. எங்கள் ஊர் வியர்வையில் ஐந்து நாள் நிற்காது என்றாலும், இது வேறு காரணம். அவர் சாரத்தை, அதாவது லுங்கியை, இறுக்கிக் கட்டும் இடம் சரியாக ஸ்டோமாவின்மேல் வந்தது. கட்டின் அழுத்தத்தால் கழிவு பையின் அடிக்கு இறங்காமல் தட்டின் கீழ் புகுந்தது. அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவும் குனியவும் வைத்து, அவர் உடை கட்டும் இடத்தைத் தவிர்த்து ஸ்டோமாவுக்குக் குறி போட்டிருக்க வேண்டும். இவருக்கு அப்படி நடந்ததாக நினைவில்லை. தளர்ந்த இடுப்புப்பட்டையுள்ள அரைக்கால் சட்டையைப் போட்டு, சாரத்தை அதற்கு மேலே நான்கு விரல் உயர்த்தி லேசாகக் கட்டப் பழகினார். அதன்பின் தட்டு நான்கு நாள் நின்றது.

வீட்டில் இருந்தது குந்தும் கழிப்பறை. பையைக் காலி செய்ய ஒரு குட்டை முக்காலி செய்துகொண்டார். பீங்கானில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தெறிக்காது. கழற்றிய பையைக் கழிப்பறையில் போடாமல், காலி செய்து காகிதத்தில் சுற்றிக் குப்பையில் சேர்த்தார்கள்.

சானலில், அதாவது ஊர் வாய்க்காலில், குளிப்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். நன்றாக ஒட்டிய தட்டு தண்ணீரில் கழலாது என்று சொன்னேன். “தட்டு கழலாது சிஸ்டர், பேச்சு கழன்றுவிடும்” என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவர் ஊரை அவருக்குத் தெரியும்.

பொங்கலின்போது ஒரு சறுக்கல். பனங்கிழங்கு இரண்டைச் சாப்பிட்டிருக்கிறார். நார் அடைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பையில் எதுவும் வரவில்லை, வயிறு முறுக்கி வலித்தது. வாந்தி இல்லை. திட உணவை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகக் குடித்து, முழங்காலை மார்போடு அணைத்துப் படுத்ததில் திறந்துகொண்டது. வாந்தி வந்திருந்தாலோ வலி தொடர்ந்திருந்தாலோ காத்திருக்கக்கூடாது. பனங்கிழங்கு, தேங்காய்ச்சில், சக்கை என்கிற பலாப்பழம், நிலக்கடலை பற்றி வாய்வழி சொல்லியிருந்தேன். எழுதிக்கொடுத்திருக்க வேண்டும்.

சிவராத்திரி

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிவாலய ஓட்டம் ஓடியவர். முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில்கள், கையில் விசிறியோடு, “கோவிந்தா, கோபாலா” என்று கூவிக்கொண்டு. இந்த ஆண்டு ஓட முடியாது என்பதை அறுவைக்கு முன்பே அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனால் போய் நிற்கலாமா என்று கேட்டார். கீமோதெரபி நடக்கும் காலம் என்பதால் மருத்துவரிடம் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். கூட்டத்துக்குள் போகாமல் இருந்தால் போகலாம் என்றார். திருநந்திக்கரைப் பாதையில், நண்பர்கள் ஓட்டக்காரர்களுக்குப் பானகம் கொடுக்கும் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். தோள்பையில் வெட்டிய தட்டு ஒன்று, பை இரண்டு, ஒரு புட்டி தண்ணீர், மாற்றுச் சாரம், ஓ.ஆர்.எஸ். இருந்தன. எதையும் வெளியே எடுக்கவேண்டி வரவில்லை.

மூடிய பிறகு

மே மாதம், சாயம் செலுத்திப் படம் எடுத்து உள்ளே இணைப்பு கசியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஸ்டோமாவை மூடினார்கள். வீட்டில் எல்லோரும் கதை முடிந்தது என்று நினைத்தார்கள். நாங்களும் வருகையைக் குறைத்துவிட்டோம். அது தவறு. மலக்குடலின் பெரும்பகுதி இல்லாதவருக்கு மலத்தைத் தேக்கிவைக்க இடம் இல்லை. நாளுக்குப் பன்னிரண்டு முறை, அதுவும் அவசரமாக. ஆசனவாயைச் சுற்றிப் புண். “பை இருந்தபோதே நன்றாக இருந்தேன்” என்று ஜூன் தொடக்கத்தில் சொன்னார். இப்படி ஆகும், மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு முழுவதும் மாறாமலும் போகலாம் என்று மூடுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை அவர் சொல்லவேண்டி வந்திருக்காது. லோப்பரமைடு, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, துத்தநாகக் களிம்பு, அதே மரச்சீனி. ஆகஸ்டில் ஐந்தாறு முறையாகக் குறைந்தது. வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 150 மரம் மட்டும் வெட்டுகிறார். பால் வாளியை மருமகன் முறையுள்ள பையன் தூக்குகிறான். மூடிய இடத்தில் குடலிறக்கம் வராதிருக்க இன்னும் கொஞ்சகாலம் கனம் தூக்காமல் இருப்பது நல்லது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இப்போது இலியோஸ்டமியோடு வீடு திரும்புபவரை மூன்றாம் நாளுக்குள் பார்த்துவிடுகிறோம். அளவுக்குவளையை நாங்களே கொண்டுபோகிறோம். பை எத்தனை முறை என்று கேட்பதில்லை, எவ்வளவு என்று கேட்கிறோம். “நிறையத் தண்ணீர்” என்ற சொல்லை எங்கள் தாளிலிருந்து எடுத்துவிட்டோம். எதைக் குடிப்பது, எவ்வளவு என்று எழுதுகிறோம். தவிர்க்கவேண்டிய உணவுகளை ஊர்ப்பெயரோடு எழுதுகிறோம். மூடிய பிறகும் மூன்று மாதம் போகிறோம்.

வீட்டில் இருக்கும் பழைய சீட்டுகளையெல்லாம் எடுக்கச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். சர்க்கரைக்கு, அழுத்தத்துக்கு, இதயத்துக்கு என்று எந்த ஆண்டில் எழுதியதாக இருந்தாலும் சரி. அவற்றில் எது இப்போது செல்லும், எது செல்லாது என்று மருத்துவரிடம் கேட்டு ஒவ்வொன்றிலும் எழுதி வாங்குகிறோம். நல்ல மருத்துவர் நல்ல காரணத்துக்காகச் சொன்ன அறிவுரை, உடம்பு மாறிய பிறகும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். புதிய மருத்துவருக்கு அது கண்ணில் படாது, வீட்டாருக்கு அதை மீற மனம் வராது. அந்த வீட்டுச் சமையலறைக்குள் நான் பதினாறாம் நாளே போயிருந்தால் அந்தச் சீட்டைப் பார்த்திருப்பேன். அவர் மனைவி தேநீர் போட்டுத்தருவதாக உள்ளே அழைக்கவும் செய்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசி வருகை

செப்டம்பர் முதல் வாரம். எடை 60 கிலோ. கிரியாட்டினின் 1.0. இரத்த அழுத்தம் இரண்டு வாரமாக 150/94 அளவில் இருந்தது. பெருங்குடல் மறுபடி வேலைசெய்வதால் மருத்துவர் எனாலப்ரிலைக் குறைந்த அளவில் தொடங்கி, உப்பைக் குறைக்கச் சொல்லிப் புதுச் சீட்டு எழுதினார். வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைக்கவேண்டும் என்று அதில் ஒரு வரியைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர் மகள். பாட்டி அதை வாங்கி, ஆணியிலிருந்த சீட்டைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, புதியதை மாட்டினார்.